வாடகை வீட்டைச் சட்டப்படி காலி செய்ய வைப்பது: வேலூர்ப் பகுதியில் புதிதாக வீடு விடுவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் தோட்டப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர், ஐந்து மாத வாடகையைப் பாக்கி வைத்திருந்த மாடிக் குடித்தனத்தைக் கிளப்புவதற்கு மோட்டார் சுவிட்சைத்தான் நம்பினார். கீழ்வீட்டுத் தேவைக்குத் தொட்டியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, மாடி டேங்கிற்கு ஏற்றாமல் விட்டுவிட்டார். குடியிருந்தவர் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் காய்ந்த குழாயின் அடியில் காலிக் குடத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தார்; ஒன்பது நாள்களுக்கு ஒன்பது படங்கள் சேர்ந்தன. விவகாரம் அதிகாரியின் மேசைக்குப் போனபோது அங்கே முதலில் பேசப்பட்டது ஐந்து மாத பாக்கியைப் பற்றியல்ல, ஒன்பது நாள் தண்ணீரைப் பற்றித்தான். நியாயம் தம் பக்கம் இருந்தும், பதில் சொல்ல வேண்டியவராக அவரே நின்றார்.

பணி ஓய்வுத் தொகையில் மாடி எடுத்தவர்கள், அப்பாவின் வீட்டைப் பாகத்தில் பெற்றவர்கள், காட்பாடியில் மாணவர்களை நம்பி இரண்டு போர்ஷன் கட்டியவர்கள் எனப் புதிதாக வீட்டுக்காரர் ஆனவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். காலி செய்ய வைக்கும் வழக்கில் பாதி, குடித்தனக்காரர் பால் காய்ச்சும் நாளிலேயே, நீங்கள் எழுதி வாங்கும் காகிதத்தில் தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. மீதிப் பாதி, பொறுமை இழந்து செய்யத் தோன்றினாலும் நீங்கள் செய்யாமல் விடும் காரியங்களில் இருக்கிறது.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம் என்று பாருங்கள்

நம் ஊரில் இன்றும் பலர் ‘ரென்ட் கன்ட்ரோல் கேஸ்’ என்றே பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அடிப்படையான 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்னும் தமிழ்நாட்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின்கீழ் வழக்கு நடத்திய பெரியவர் யாரேனும் உங்களுக்கு ஆலோசனை சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்; ஆனால் அதன்படி நடக்காதீர்கள். காரணங்களும் மாறிவிட்டன, போகவேண்டிய இடங்களும் மாறிவிட்டன.

இந்தப் புதிய சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. சத்துவாச்சாரியும் காட்பாடியும் வேலூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் அங்குள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். பொய்கை போன்ற ஊராட்சிப் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் வழக்கமான உரிமையியல் நீதிமன்றமுமே வழி. வீட்டு வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

நகருக்குள் இருந்தாலும் சில கட்டடங்கள் இச்சட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. வக்ஃபு சொத்துகள், அறிவிக்கை செய்யப்பட்ட சமய, அறநிறுவனங்களின் வீடுகள், நிறுவனமோ பல்கலைக்கழகமோ தன் ஊழியருக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுக்கும் குடியிருப்புகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. லாட்ஜுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரேயுள்ள தெருக்களில் வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறைகளை நாள் கணக்கில் விடுபவர்கள், தாங்கள் நடத்துவது லாட்ஜா அல்லது வாடகை வீடா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வட ஆற்காட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் வேலூருக்குப் பேருந்து ஏறும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளுக்கு உரிய அலுவலகங்கள் திருப்பத்தூர் மாவட்டத்திலும், வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் வீடுகளுக்கு உரியவை இராணிப்பேட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. வீடு எங்கே இருக்கிறதோ அந்த ஊர்தான் கணக்கு. நீங்கள் குடியிருக்கும் ஊர் அன்று.

இரண்டாம் படி: ஒப்பந்தம்

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே இந்த வாடகை அதிகாரி. நடைமுறையில் கோட்டாட்சியரைத்தான், அதாவது ஆர்.டி.ஓ.வைத்தான், நீங்கள் தேடிப் போவீர்கள். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என இரண்டு கோட்டங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தை இதற்கென அரசு நடத்தும் இணையதளத்தில் செலுத்தலாம். இரு தரப்பு அடையாள ஆவணங்களையும் ஒப்பந்தத்தின் நகலையும் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும்.

பதினொரு மாதத்திற்கு எழுதிக்கொண்டால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று முத்திரைத்தாள் விற்பவர் முதல் தரகர் வரை எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைக் குறித்த பழைய கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே அந்தப் பதிவு கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்யவேண்டிய பதிவு அதிலிருந்து வேறானது, பதினொரு மாதம் என்று எழுதியதால் அதிலிருந்து தப்ப முடியாது. பதிவில்லாத காகிதம் பிற்பாடு நீதிமன்றத்தில் உங்களுக்கே தடையாக வந்து நிற்கும். சட்டம் வருவதற்கு முன்பிருந்தே வாய்மொழியாகக் குடியிருப்பவர்களோடும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் காலக்கெடு கொடுத்திருந்தது. அப்படிச் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்ய வைப்பதற்கான ஒரு காரணமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. 22.02.2019-க்குப் பிறகும் வாய்ப்பேச்சிலேயே வீட்டை விட்டிருப்பவர்கள், எந்த நீதிமன்றத்திற்கு எந்த வகையில் போவது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதில் நம் ஊர் வீட்டுக்காரர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. காட்பாடியில் ஒரு மாணவர் வீட்டின் ஒப்பந்தத்தைப் பார்த்தேன். வாடகைதாரர் என்று ஒரே ஒரு பையனின் பெயர். வீட்டில் நான்கு பேர். அந்தப் பையன் படிப்பு முடித்து ஊருக்குப் போய்விட்டான். அவன் இடத்திற்கு அவன் ஊர்ப் பையன் வந்தான், அவனோடு இன்னொருவன் வந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்ப நினைத்தபோது, காகிதத்தில் இருந்தவர் வீட்டில் இல்லை, வீட்டில் இருந்தவர் காகிதத்தில் இல்லை. இன்னும் கவனித்தால், கையெழுத்துப் போட்ட நாளில் அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. பதினெட்டு நிறையாதவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது. ஆகவே மாணவர்களுக்கு விடும்போது குடியிருக்கும் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும், முதலாண்டு மாணவர் என்றால் பெற்றோர் ஒருவர் வாடகைதாரராகக் கையெழுத்திட வேண்டும், ஆள் மாறினால் புதிதாக எழுத வேண்டும்.

உங்கள் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். அப்பா காலமாகி, வீட்டு வரி இன்னும் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தால், வாரிசுச் சான்றிதழை வாங்கி, அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் சம்மதத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடுங்கள். உங்களிடமிருந்து சாவியை வாங்கியவர் பிறகு ‘நீ யார் ஓனர்’ என்று உங்கள் உரிமையை மறுப்பதைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் உங்கள் உடன்பிறந்தவர் ஒருவரே குடித்தனக்காரருக்குச் சாதகமாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்.

அட்வான்ஸ் விஷயத்தில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாத வாடகை ரூ.9,000 என்றால் ரூ.27,000. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கத்தைத் தொடர விரும்புபவர் அதை எழுத்தில் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளக் கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். ‘அட்வான்ஸ்தான் உங்களிடம் இருக்கிறதே’ என்ற பதிலைக் கேட்காத வீட்டுக்காரர் வேலூரில் குறைவு.

மூன்றாம் படி: உங்கள் காரணம் சட்டம் ஏற்கும் காரணமா?

சட்டத்தின் 21-ஆம் பிரிவு காரணங்களை வரையறுத்துவிட்டது. பிடிக்கவில்லை, அசைவம் சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் இதைவிட இரண்டாயிரம் கூடுதலாக வருகிறது என்பவை அதில் இல்லை. வாடகை இரண்டு மாதம் நிலுவையில் நின்று, கேட்பு நோட்டீஸ் சேர்ந்த ஒரு மாதத்திற்குள்ளும் முழுவதுமாகக் கட்டப்படாமல் இருப்பது, உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் பகுதியையோ மற்றவருக்குக் கொடுத்துவிடுவது, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பின்பும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் இருக்கையில் செய்ய முடியாத பழுதுபார்ப்போ இடித்துக் கட்டலோ தேவைப்படுவது, உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ குடியிருக்க வீடு வேண்டியிருப்பது, முன்பு சொன்னபடி ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பது ஆகியவையே பெரும்பாலும் நீதிமன்றத்திற்கு வருபவை.

வாடகை நிலுவைக் காரணத்தில் ஒரு நுட்பம் உண்டு. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்திற்குள் குடித்தனக்காரர் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால் உங்கள் காரணம் அத்துடன் தீர்ந்துபோகும். இந்தச் சலுகை ஒருமுறைதான். அதைப் பெற்றவரே ஓராண்டில் மீண்டும் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை தராவிட்டால் மறுபடி தப்பிக்க முடியாது. ஆகவே முதல் நோட்டீஸுக்குப் பணம் வந்துவிட்டால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம், அந்த நோட்டீஸின் நகலையும் பணம் வந்த தேதியையும் பத்திரப்படுத்துங்கள்.

சொந்தத் தேவை என்று சொல்பவர்கள் தேவை உண்மையானது என்பதைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்புகிறான் என்பவை பத்திரிகையாலும் பணிமாற்றல் கடிதத்தாலும் நிற்கும். அதே வாரத்தில் தரகரிடம் ‘வீடு காலியாகப் போகிறது, பார்ட்டி இருந்தால் சொல்லு’ என்று சொல்லி வைத்திருந்தால் அது எப்படியோ வெளியே வந்துவிடும். வேலூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

வாடகைதாரர் இறந்துவிட்டால் ஒப்பந்தத்தின் மீதிக் காலத்திற்கு அவருடைய வாரிசுகளுக்கும் அதே உரிமையும் கடமையும் தொடரும். துக்கம் நடந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாவி கேட்பது சட்டத்திற்கும் பொருந்தாது, வழக்கத்திற்கும் பொருந்தாது.

நான்காம் படி: நோட்டீஸ்

ஒப்பந்தக் காலம் முடிந்த தேதியன்று வீடு தானாக உங்கள் கைக்கு வந்துவிடாது. அவர் காலி செய்யாமல், நீங்களும் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால் உறவு மாத வாடகையாக நீண்டுகொண்டு போகும். ஆகவே எந்தக் காரணமானாலும் எழுத்தில் நோட்டீஸ் வேண்டும்.

நோட்டீஸை வழக்கறிஞர் மூலம் அனுப்புவதே நல்லது. நீங்களே அனுப்பினாலும் செல்லும். வீட்டின் கதவு எண், தெரு, மாடியா கீழா என்ற விவரம், ஒப்பந்தத் தேதி, பதிவு எண், மாத வாடகை, எந்தெந்த மாதத்திற்கு எவ்வளவு பாக்கி, எதற்காக எந்தத் தேதிக்குள் காலி செய்யக் கோருகிறீர்கள் என்பவை இருக்க வேண்டும், கீழே கையெழுத்து இருக்க வேண்டும். பாக்கித் தொகையைத் தோராயமாகப் போடாதீர்கள். ஏப்ரல், மே இரண்டு மாதத்திற்கு ரூ.18,000 என்று மாதவாரியாக எழுதுங்கள். தண்ணீர்க் கட்டணம், மின் கட்டணம் தனித்தனி வரியில் வரட்டும். நான் பார்த்த ஒரு நோட்டீஸில், நடுவில் கூகுள் பே மூலம் வந்திருந்த ஒரு மாத வாடகையைக் கழிக்க மறந்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, நோட்டீஸை எப்படிச் சேர்ப்பது என்றும் சொல்கிறது. தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம், அதற்கு வழியில்லாதபோது வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். சேர்ந்ததற்கு ஒப்புகை வரும் தபாலே நமக்கு வேண்டியது. ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் வருத்தப்படாதீர்கள், அதைப் பிரிக்கவும் செய்யாதீர்கள். பிரிக்காத அந்த உறையே சான்று. ஊராட்சிப் பகுதியின் மாத வாடகை வீடுகளுக்கு இதே பிரிவின்படி பதினைந்து நாள் நோட்டீஸ் போதும்.

நோட்டீஸ் போன பிறகு வரும் வாடகையை வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டே போனால் நோட்டீஸைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று வாதிடுவதற்கு இடம் கொடுப்பதாக ஆகும். வாங்கவே மறுத்தாலோ அவர் வாடகை அதிகாரியிடம் செலுத்திவிட்டு நல்ல பெயர் எடுத்துக்கொள்வார். நோட்டீஸின் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன் என்று ரசீதில் எழுதிக் கொடுத்து வாங்குவதே நடுவழி.

இதற்கிடையே செய்யக் கூடாதவை

பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது, பியூஸ் கட்டையைப் பிடுங்குவது, மாடிப்படி விளக்கைக் கழற்றுவது, கழிவுநீர்க் குழாயை அடைப்பது, சாமான்களைத் தெருவில் இறக்குவது ஆகியவற்றுள் எதுவும் கூடாது. தண்ணீர், மின்சாரம், சுகாதார வசதி ஆகியவற்றை நிறுத்துவதைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. புகார் வந்தால் உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி வாடகை அதிகாரி இடைக்கால ஆணை போடலாம். வாடகை பாக்கி இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. மின் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதாலும் நீங்காது.

சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திற்குள் வழக்குப் போட்டு அதே வீட்டுக்குள் திரும்ப வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. எவ்வளவு செலவு செய்து கிளப்பினீர்களோ அவ்வளவும் வீணாகி, அவர் பழைய வாடகையிலேயே உட்காருவார்.

காவல் நிலையத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று கிளம்புவோரும் உண்டு. வீட்டைக் காலி செய்ய வைக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. அடிதடி, மிரட்டல், சேதம் நடந்தால்தான் அவர்களிடம் போக வேண்டும். வார்டுப் பிரமுகரை வைத்துப் பேசி முடிப்பதும் கட்டப் பஞ்சாயத்து என்ற பெயரில் உங்கள் மீதே திரும்பக் கூடும். வீட்டைப் பார்வையிட வேண்டுமென்றாலும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: வாடகை நீதிமன்றம்

வாடகையை மாற்றுவது, வாடகையைச் செலுத்துவது, தண்ணீர், மின்சாரப் புகார்கள் ஆகியவை வாடகை அதிகாரியிடம் போகும். காலி செய்ய வைக்கும் மனு வாடகை நீதிமன்றத்திற்குப் போகும். அதன் மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்திற்குப் போகும். இச்சட்டம் பொருந்தும் விவகாரத்தில் வழக்கமான உரிமையியல் வழக்குப் போட முடியாது. வேலூருக்கு நீதிமன்ற வளாகம் சத்துவாச்சாரியில் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு வாடகை நீதிமன்றமாக அறிவிக்கப்பட்டது எது என்பதை அங்குள்ள வழக்கறிஞரோ அலுவலகமோ சொல்லிவிடும்.

மனுவோடு ஒப்பந்தம், பதிவு விவரம், வீட்டு வரி ரசீது, உரிமை ஆவணத்தின் நகல், நோட்டீஸ், ஒப்புகை அல்லது திரும்பிய உறை, வாடகை வரவுக் கணக்கு ஆகியவை போக வேண்டும். சாட்சியம் பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் ஆவதால் பழைய வழக்குகளைப் போல ஒவ்வொரு சாட்சியையும் கூண்டில் நிறுத்தி மாதக்கணக்கில் இழுக்கும் நிலை குறைந்திருக்கிறது. விரைவாக முடிப்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் உங்கள் காகிதங்கள் அரைகுறையாக இருந்தால் எந்த நீதிமன்றமும் விரைவாக ஓடாது.

செலவுக்கு அஞ்சும் பெண் உரிமையாளர்களுக்கு ஒரு செய்தி: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கணவர் விட்டுச் சென்ற வீட்டின் வாடகையிலேயே வாழும் பலர் இதை அறியாமல் கடன் வாங்கி வழக்கு நடத்துகிறார்கள். அதே ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடித்தால் அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல்முறையீடும் இல்லை. பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிய மூன்று மாத அவகாசம், பாக்கியில் ஒரு பகுதி தள்ளுபடி, குறித்த தேதியில் சாவி என்று அங்கே முடித்துக்கொள்வது, இரண்டு ஆண்டு வழக்காடி முழுப் பாக்கியையும் வெல்வதைவிடப் பல நேரங்களில் லாபம் என்றே நான் சொல்வேன்.

ஆறாம் படி: ஆணைக்குப் பிறகு

ஆணையின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். ஆணை கையில் இருக்கிறது என்று நீங்களே போய்க் கதவைத் திறக்கக் கூடாது. அவர் காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு, ஆணையை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா முன்னிலையில்தான் வீடு உங்கள் கைக்கு வர வேண்டும். தடுப்பார்கள் என்ற அச்சம் இருந்தால் காவல் பாதுகாப்பை நீதிமன்றம் வழியாகவே கேட்கலாம். உள்ளே விட்டுச் சென்ற பொருள்கள் இருந்தால் அமீனா முன்னிலையில் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பழைய பீரோவும் கிழிந்த மெத்தையும்தான் என்றாலும்.

சண்டையின்றி அவரே காலி செய்கிறார் என்றாலும் சாவியை வெறும் கையில் வாங்காதீர்கள். இன்ன தேதியில் வீட்டை ஒப்படைத்தேன், சாவி இத்தனை, மின் அளவி இத்தனை யூனிட் காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கொடுத்த சேதம், மின் பாக்கி ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்திற்குள் வங்கி மூலம் திருப்பி அனுப்ப வேண்டும். கழித்தவற்றுக்குப் பெயின்டர், பிளம்பர் கொடுத்த ரசீதுகளின் நகலையும் சேர்த்து அனுப்பினால், அந்தக் கணக்கைக் கேட்டு அவர் திரும்ப வரும் தேவை இருக்காது.